மூழ்கிய வங்கியும் மக்களின் அமானிதமும்

மரக்காணத்து உப்பளங்களில் கோடை வெயிலில் பாத்தி மிதித்து உப்பு வாரும் தொழிலாளிக்கும், சென்னையில் தலைமையகம் கொண்ட ஒரு வங்கியின் பங்குகளுக்கும் என்ன உறவு? உறவு உண்டு. வெள்ளையர் ஆட்சியில் உப்பு வரி ஏழையின் அடுப்படியிலிருந்தும் கருவூலத்துக்குச் சென்றது. 1947-ஆம் ஆண்டில் அவ்வரி நீக்கப்பட்டது. ஆயினும் அவன் வாங்கும் துணியிலும் சோப்பிலும் மறைமுக வரி தொடர்ந்தது. அப்பணத்தின் ஒரு துளி, 1990-களில் இந்தியன் வங்கியைக் காக்கும் செலவிலும் சேர்ந்தது. மரக்காணம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தின் முன்னோடி வங்கியும் அதுவே.

இவ்வங்கி பிறந்ததே ஒரு வீழ்ச்சியின் விளைவாகத்தான். 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். போன பணமோ முழுமையாகத் திரும்பவில்லை. அந்த வேதனையிடையே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907 ஆகஸ்டு 15 அன்று இந்தியன் வங்கி பணி தொடங்கிற்று. 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையான 14 வங்கிகளுள் அதுவும் ஒன்று.

அரசின் உடைமையாகிவிட்டால் தவறு நேராது என்பதில்லை. போதிய ஈடின்றிப் பெரும்புள்ளிகளுக்குக் கொடுத்த கடன்கள் திரும்பாமற்போக, 1995-96-ஆம் ஆண்டில் இவ்வங்கி 1,336 கோடி ரூபாய் நட்டம் கண்டது. நட்டம் மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. அரசு மீண்டும் மீண்டும் முதலிட்டது. 1906-இல் போலன்றி, இம்முறை வைப்பாளர் எவரும் தம் பணத்தை இழக்கவில்லை. அது பெரும் நன்மை. ஆனால் சுமை மறைந்துவிடவில்லை; வைப்பாளரின் தோளிலிருந்து வரி செலுத்துவோர் அனைவரின் தோளுக்கும் மாறிற்று. வங்கிக் கணக்கே இல்லாதவனும் அதைச் சுமந்தான்.

2000-ஆம் ஆண்டில் ரஞ்சனா குமார் தலைமை ஏற்றார். 2001-02-இல் வங்கி இலாபத்துக்குத் திரும்பிற்று. பின்னர், திரண்டிருந்த நட்டத்துக்கு ஈடாக அரசின் முதலிலிருந்து 3,830 கோடி ரூபாய் கணக்கில் கழிக்கப்பட்டது. 2007 பிப்ரவரியில் பங்கொன்று 91 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. அரசின் பங்கு 80 விழுக்காடாயிற்று. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இதனுடன் இணைந்தது. 2023 டிசம்பரில் 391 ரூபாய் விலையில் புதிய பங்குகள் வெளியாயின. அரசின் பங்கு 73.84 விழுக்காடாகக் குறைந்தது. அது 51 விழுக்காட்டுக்குக் கீழே செல்லலாகாது என்பது சட்டம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இவ்விரு வெளியீடுகளிலும் விற்பனையானவை புதிய பங்குகள். ஆகவே பணம் வங்கிக்கே சென்றது, கருவூலத்துக்கு அன்று. அரசு தன் கைவசமுள்ள பங்குகளை விற்கும்போதுதான் பணம் மக்களின் பெட்டிக்குத் திரும்பும்.

வட்டி பற்றிய மார்க்கச் சட்டம் தனிப்பொருள். நாம் பேசுவது பொதுப்பணம் பற்றி. குடிமக்களின் சொத்தில் ஆட்சியாளரின் நிலை, அநாதையின் சொத்தைக் காக்கும் பொறுப்பாளரின் நிலையை ஒத்தது என்பது ஃபிக்ஹு அறிஞர் கருத்து. பிறர் பொருட்டு விற்கும் வகீல் நியாய விலைக்குக் குறைத்து விற்கலாகாது என்றும் அவர்கள் கூறினர். அமானிதத்தின் இலக்கணம் இதுவே.

91 ரூபாய்ப் பங்கு 391 ஆயிற்று என்று மகிழ்வோர் உளர். மகிழட்டும்! இடையில் இரு வங்கிகளிலும் அரசு மேலும் முதலிட்டதை மறக்கலாகாது. அரசு தன் பங்கை விற்கும் நாளில், இலாப நட்டக் கணக்கை 91 ரூபாயிலிருந்து தொடங்குதல் நேர்மையன்று. கழித்தெழுதிய அந்த 3,830 கோடியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். உப்பளத் தொழிலாளியும் அந்த முதலில் கூட்டாளியல்லவா?