விரித்த கூந்தல் நடந்து வந்த வழி

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் பாரத விழா நடந்தால், துரியோதனன் வீழும் படுகளத்தன்று காலையில் ஊரே ஒரு தலைமுடிக்காகக் காத்திருக்கும். பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து என்று நாள்கணக்கில் ஓடிய கதை, திரௌபதி தன் கூந்தலை அள்ளி முடிந்தால்தான் நிறைவுபெறும். அவள் சேலையை வளர்த்தவன் கண்ணன். கூந்தலை விரித்தே வைத்திருப்பது என்பது அவளே எடுத்த முடிவு. இந்த மண் அவளைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவதற்கு அந்த முடிவுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். அந்தக் கூந்தல் ஓசூர் எல்லைவரை வந்து சேர்ந்த கதை மிக நீளமானது.

வியாச பாரதத்தில் கூந்தலுக்குச் சபதம் இல்லை. இராசசூய வேள்வியில் மந்திர நீர் தெளிக்கப்பட்ட கூந்தல் அது. அதைப் பிடித்துத்தான் துச்சாதனன் அவளைச் சபைக்கு இழுத்து வருகிறான். அங்கே அவளிடம் இருந்த ஆயுதம் ஒரு கேள்வி மட்டுமே: தன்னையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? புனேயில் உள்ள பண்டார்கர் ஆய்வு நிறுவனம் பல ஏடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட பதிப்பில் சபா பருவத்தைப் பதிப்பித்தவர் ஃபிராங்க்ளின் எட்ஜர்ட்டன். 1944-ல் வந்த அந்தப் பதிப்பில், அவள் கண்ணனைக் கூவி அழைக்கும் பகுதி பிற்சேர்க்கை என்று அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. கூந்தலோ எல்லா ஏட்டிலும் நிற்கிறது. காட்டுக்குப் போகும்போது அவள் தலைவிரி கோலமாகவே போகிறாள். பதினான்காம் ஆண்டில் கௌரவர் வீட்டுப் பெண்கள் இப்படித் தலைவிரித்து அழுவார்கள் என்பதே அதன் பொருள் என்று விதுரன் திருதராட்டிரனுக்கு விளக்குகிறான். பின்னாளில் கண்ணன் சமாதானம் பேசக் கிளம்பும்போது, அவள் தன் கூந்தலைக் கையில் ஏந்திக் காட்டுகிறாள். இதை மறந்துவிடாதே என்கிறாள்.

கூந்தலைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவந்தது நாடக மேடை. பட்ட நாராயணர் வடமொழியில் எழுதிய ‘வேணீசம்ஹாரம்’ ஆறு அங்க நாடகம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆனந்தவர்த்தனர் தம் நூலில் அதை எடுத்தாள்கிறார் என்பதால், நாடகம் அதற்கும் முந்தியது. துரியோதனனைக் கொன்ற வீமன் இரத்தம் தோய்ந்த கையால் திரௌபதியின் சடையை முடிவதுதான் அதன் உச்சம். அந்த நாடகத்தில் அவள் காத்திருக்கிறாள். வாக்குக் கொடுத்து நிறைவேற்றுகிறவன் வீமன்.

தமிழ்நாட்டுக்குப் பாரதம் புதிதல்ல. கூரம் செப்பேடு, பல்லவர் காலத்தில் ஏழாம் நூற்றாண்டிலேயே கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு இருந்ததைச் சொல்கிறது. ஆனால் வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைப் பாடியபோது கூந்தலின் உரிமை கைமாறியது. என் மானத்தில் கைவைத்தவர்களின் தலை போரில் விழுந்து வெற்றி முரசு கொட்டும்வரை இதை எடுத்து முடியமாட்டேன் என்று சபையில் சூளுரைப்பவள் திரௌபதியே. அந்த நொடியிலிருந்து பாரதப் போரின் கடிகாரம் அவள் தலையில் ஓடத் தொடங்குகிறது.

அந்தச் சபதம் ஊர் ஊராய்ப் பரவியது கூத்தின் காலில்தான். வில்லி பாரதத்தைப் பிரசங்கிகள் பகலில் விரித்துச் சொல்ல, அதே கதையை இரவில் கூத்து ஜமா ஆடிக் காட்டும். திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்து 1988-லும் 1991-லும் இரண்டு பெரும் தொகுதிகள் எழுதிய ஆல்ஃப் ஹில்டபைட்டல், செஞ்சியை அடுத்த மேலச்சேரியை அதன் மையமாகக் கண்டார். செஞ்சிச் சீமைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிறது கிருஷ்ணகிரி.

கூத்தில் கூந்தல் கையில் எடுக்கும் பொருளாகிறது. பெண் வேடம் கட்டும் ஆண் கலைஞர் சவுரி வைத்துச் சடை போட்டு மேடைக்கு வருகிறார். துகிலுரிதல் இரவில் சடை அவிழும்போது பார்க்கிறவர்கள் அதை வேடமாகப் பார்ப்பதில்லை. பல ஊர்களில் கூத்தை நிறுத்தி அவருக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள்.

அப்புறம் படுகளம். ஊர்ப் பொதுவிடத்தில் மண்ணைக் குவித்து மிகப் பெரிய துரியோதனன் உருவத்தை மல்லாத்திப் படுக்க வைத்து வண்ணம் தீட்டுவார்கள். தொடையில் சிவப்பு நீர் வைத்த கலயம் புதைந்திருக்கும். இரவு முழுக்க ஆடிய களைப்போடு வீமனும் துரியோதனனும் காலை வெயிலில் அந்த மண்ணுடம்பைச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள். தொடை உடைந்ததும் சிவப்பு பீறிடும். அதைத் தொட்டுக் கூந்தலில் வைத்துப் பூச்சூட்டி முடிவார்கள். சில ஊர்களில் வேடக்காரர் தலையில், சில ஊர்களில் அம்மன் திருமேனியில். அப்போதே துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரியோடு வருவாள், தலையை விரித்தபடி. விதுரன் சொன்னது படுகளத்தில் கண்முன்னே நடக்கிறது. ஒரு கூந்தல் முடியும் இடத்தில் இன்னொரு கூந்தல் அவிழ்கிறது. வெற்றியைக் கொண்டாட வந்த கூட்டம் தோற்றவன் மனைவியின் அழுகையையும் நின்று கேட்கிறது. இதைவிட நேர்மையான முடிவை எந்த நாடகாசிரியரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. மக்கள் அந்த உருவத்து மண்ணை எடுத்துப்போய் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். மாலையில் தீமிதி.

ஓசூரைத் தாண்டினால் அவள் கோலம் மாறுகிறது. ஆனேக்கல்லிலும், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூர் திகளர்பேட்டை தர்மராயசாமி கோயிலிலும் திரௌபதி கரகமாக வருகிறாள். சேலையும் வளையலும் அணிந்த ஆண் ஒருவர், மல்லிகை போர்த்திய உயரமான கரகத்தைக் கைபடாமல் தலையில் தாங்கிச் சித்திரைப் பௌர்ணமி இரவில் நடக்கிறார். வீரகுமாரர்கள் உருவிய வாளோடு காவல் வருகிறார்கள். பெங்களூரில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுவிட்டுத்தான் கரகம் மேலே போகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் படுகளத்தில் குருதி பூசி முடியும் தலை, எல்லைக்கு அப்பால் பூவாகவே எழுந்து நிற்கிறது.

எழுத்திலும் அவள் ஓய்ந்துவிடவில்லை. புதுச்சேரியில் இருந்த பாரதி 1912-ல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். அந்தக் கூந்தல் அடிமை நாட்டின் சபதமாயிற்று. மகாசுவேதா தேவி வங்கத்தில் எழுதிய ‘திரௌபதி’ கதையின் தோப்தி ஒரு பழங்குடிப் பெண். காவலில் சிதைக்கப்பட்ட பிறகு உடுத்த மறுத்து அதிகாரியின் முன்னால் போய் நிற்கிறாள். அங்கே கண்ணனும் வரவில்லை, சேலையும் வரவில்லை. நாடக இயக்குநர் கன்ஹைலால் அதை மணிப்பூரில் 2000-ல் நாடகமாக்க, மணிப்பூர் நடிகை சாவித்ரி தோப்தியாக நடித்தார். 2004 ஜூலை 15 அன்று இம்பாலில் காங்லா கோட்டை வாசலில் படையினரின் பாலியல் வன்முறைக்கு எதிராக 12 பெண்கள் ஆடை களைந்து நீதி கேட்டார்கள். திரௌபதியின் கேள்வி ஏட்டுக்கு வெளியே அன்றைக்கும் கேட்கப்பட்டது.

இவ்வளவு தூரம் வந்த கூந்தலுக்கு ஒரு குறை மிச்சமிருக்கிறது. கூத்தில் அவளாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் கலையை நான் வணங்குகிறேன். ஆனால் காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் படித்து மேடையேறினார்கள். பெண்ணால் இரவு முழுக்க நின்று ஆட முடியாது என்ற பேச்சு அங்கே பொய்யாயிற்று. கிருஷ்ணகிரிக் கூத்து வாத்தியார்களும் தங்கள் வீட்டுப் பெண்களுக்கு அடவும் பாட்டும் சொல்லித்தர வேண்டும். விழாக் குழுக்கள் அவர்களை மேடையேற்ற வேண்டும்.

ஓசூர் ஆலைகளில் வேலை செய்ய எத்தனையோ மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் இளம்பெண்கள் வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். கூந்தலைத் தொப்பிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு ஷிப்ட் பார்க்கும் அவர்களுக்கு, பேருந்தில் போய்வரும் தூரத்தில் இப்படியொரு விழா நடப்பது தெரிய வேண்டும். பக்கத்து ஊரில் பாரதம் என்று தட்டி வைத்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு படுகளத்தன்று காலையில் போங்கள். அவள் கூந்தலை முடியும்வரை இருந்து பாருங்கள்.