எந்த மொழியில் காரணம் கூறுவது?

ஒருவரை விசாரணையின்றிச் சிறையில் வைக்கும் அரசு, அதற்குரிய காரணத்தை அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். நம் அரசியல் சட்டத்தின் 22ஆம் ஷரத்து அவ்வாறு விதிக்கிறது. ஆயின், எந்த மொழியில் தெரிவிப்பது? தாராவியில் தோல் பதனிட வந்த திருநெல்வேலிக்காரர் கையில் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு தாள் கொடுத்தால், காரணம் தெரிவித்ததாகுமா? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வினா சட்ட நூலோடு நின்றுவிடுவதன்று.

தடுப்புக் காவல் ஆங்கிலேயர் விட்டுச் சென்ற சொத்து. வங்காளத்தின் 1818ஆம் ஆண்டு மூன்றாம் ரெகுலேஷனைக் கொண்டுதான் லாலா லஜபதி ராயை 1907இல் மாந்தளைக்கு அனுப்பினார்கள். சுதந்திர இந்தியாவும் அந்த அதிகாரத்தைக் கைவிடவில்லை, வரம்பு கட்டியது. மாட்டுங்காவை அடுத்த தாதர் ஹிந்து காலனியில் வீடு கட்டி வாழ்ந்த டாக்டர் அம்பேத்கர் 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்த 15-ஏ என்னும் புதிய ஷரத்தே, விவாதத்தில் திருத்தம் பெற்று 22ஆம் ஷரத்தாயிற்று.

மொழி பற்றிய வினா மகாராஷ்டிரத்திலேயே எழுந்தது. 1961இல் நாகபுரி ஜில்லா மாஜிஸ்திரேட்டின் உத்தரவினால் காவலில் வைக்கப்பட்ட ஹரிகிஷன் என்பவருக்குக் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. தமக்கு ஆங்கிலம் தெரியாது, ஹிந்தியில் தருக என்றார் அவர். ஆங்கிலமே ஆட்சி மொழி என்று மறுத்துவிட்டார்கள். போலீஸ் அதிகாரி வாய்மொழியாக ஹிந்தியில் விளக்கியதே போதும் என்றும் வாதிட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. சுப்ரீம் கோர்ட் 1962இல் ஏற்க மறுத்தது. காரணம் கூறுவது எதற்காக? காவலில் இருப்பவர் மறுப்பு எழுதித் தம்மைக் காத்துக்கொள்வதற்காக. கேட்டதும் காற்றோடு போகும் விளக்கத்தை நம்பி எவர் மறுப்பு எழுத இயலும்? அவர் விடுதலையானார்.

ஆங்கிலம் படித்தோர் எளிதில் மறந்துவிடும் நியாயம் இது. 1999இல் தமிழ் மட்டுமே அறிந்த தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவருக்கு, காவலுக்கு ஆதாரமான ஆவணம் ஒன்றின் தமிழாக்கம் தரப்படாமையால், அவரையும் விடுவித்தது அதே நீதிமன்றம்.

இவர்களெல்லாம் இந்நாட்டுக் குடிமக்கள். அயல்நாட்டாருக்கும் இவ்வுரிமை உண்டோ? ஷரத்தின் சொல்லை நோக்குவோம்: ‘குடிமகன்’ என்றில்லை, ‘எந்த நபரும்’ என்றே இருக்கிறது. 1982இல் குஜராத்தில் காவலில் இருந்த பாகிஸ்தானியர் ஒருவரின் வழக்கில், உருது மொழிபெயர்ப்பு உரிய காலத்தில் தரப்படாததே காவலைச் செல்லாததாக்கியது. பகைமை பாராட்டிய நாட்டின் பிரஜைக்கும் அவர் மொழியில் தாள் தரவேண்டும் என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் வெளிநாட்டார் நிலை உறுதியானதென்று கூறிவிட மாட்டோம். ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியரின் வழக்கில், அயலாரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் எல்லையற்றதென்று 1955இல் தீர்ப்பாயிற்று. 1962 சீனப் போரின்போது, இந்தியாவிலேயே பிறந்தோர் உட்படச் சீன வம்சத்தார் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானத்துத் தேவளி முகாமில் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். 1980ஆம் ஆண்டு தேசப் பாதுகாப்புச் சட்டமும் அயல்நாட்டாரை வெளியேற்றும் ஏற்பாட்டுக்காகக் காவலில் வைக்க இடம் தருகிறது.

கடல் கடந்த தமிழருக்கும் இத்தகைய சோதனை நேர்ந்தது. கனடாவில் 1995இல் பாதுகாப்புக் காரணம் கூறிக் காவலில் வைக்கப்பட்ட இலங்கைத் தமிழ் அகதி சுரேஷின் வழக்கில், 2002இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சித்திரவதை அபாயம் இருப்பதாகக் காட்டுபவரிடம் அரசு தன் ஆதாரங்களைத் தெரிவித்து, எழுத்தில் மறுமொழி பெறவேண்டும் என்றது.

நம் நாட்டில் தடுப்புக் காவலை ஆராயும் ஆலோசனைக் குழுவின்முன் வக்கீலை வைத்து வாதாடும் உரிமை இல்லை. ஏ. கே. ராய் வழக்கின் தீர்ப்பு ஒரு வாசலைத் திறந்து வைத்தது: வக்கீலல்லாத நண்பர் ஒருவரின் துணையைக் கொள்ளலாம். செம்பூரிலோ தாராவியிலோ இருந்து அழைத்துச் செல்லப்பட்ட தமிழருக்கு, மராத்தியும் தமிழும் அறிந்த அண்டை வீட்டாரே அந்த நண்பராகலாம்.