வாக்குப் பெட்டியும் இஸ்லாமியவாதக் கட்சிகளும்: மூன்று நாடுகளின் அனுபவம்

இஸ்லாமியவாதக் கட்சிகள் ஜனநாயகத்தை ஏற்குமா என்று கேட்கப்படும்போதெல்லாம் எனக்கு இன்னொரு கேள்வியும் எழுகிறது: அவை தேர்தலில் வென்றால் மற்றவர்கள் அதை ஏற்பார்களா? வட ஆபிரிக்காவின் மூன்று நாடுகளில் இவ்விரு கேள்விகளும் சோதிக்கப்பட்டுள்ளன.

அல்ஜீரியாவில் 1991 டிசெம்பரில் நடந்த முதற்சுற்றுத் தேர்தலில் இஸ்லாமிய மீட்பு முன்னணி 188 ஆசனங்களை வென்றது. அதன் தலைவர்களில் ஒருவரான அலி பெல்ஹாஜ் ஜனநாயகத்தை வெளிப்படையாக நிராகரித்தவர். ஆகவே அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் 1992 ஜனவரியில் இராணுவம் தலையிட்டு, தேர்தல் இரத்துச் செய்யப்பட்டதன் விளைவு பத்தாண்டுப் போர். ஆயுதக் குழுக்கள் கிராமங்களில் படுகொலைகள் புரிந்தன. அரச படையினரால் ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டனர். 2006இல் வந்த சட்டம் படையினருக்கு எதிராக முறையிடும் வழியையும் அடைத்தது.

எகிப்தில் 2012இல் மக்களால் தெரிவான ஜனாதிபதி முகம்மது முர்சி, அதே ஆண்டு நவம்பரில் தன் ஆணைகளை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாதவை ஆக்கினார். மக்கள் வீதிக்கு இறங்கினர். 2013 ஜூலையில் இராணுவம் அவரைக் கவிழ்த்தது. அடுத்த மாதம் கெய்ரோவின் ரபா சதுக்கத்தில் அவரது ஆதரவாளர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நாளில் கொல்லப்பட்டனர்.

துனிசியா வேறு வழியில் சென்றது. ராஷித் கன்னூஷியின் அந்நஹ்தா கட்சி 2011இல் 217 ஆசனங்களில் 89ஐப் பெற்று, இரு மதச்சார்பற்ற கட்சிகளுடன் ஆட்சி அமைத்தது. ஷரீஆவை அரசியலமைப்பில் சேர்ப்பதில்லை என 2012இல் அறிவித்தது. பெண்ணை ஆணுக்குத் துணையாகச் சொன்ன வரைவு வாசகம், பெண்களின் போராட்டத்தால் கைவிடப்பட்டது. 2013இல் இரு எதிர்க்கட்சித் தலைவர்கள் கொல்லப்பட்டு நாடு கொந்தளித்தபோது, பேச்சுவார்த்தைக்கு இணங்கி, 2014 ஜனவரியில் ஆட்சியைக் கையளித்தது. அவ்வாண்டுத் தேர்தலில் இரண்டாமிடம் வந்தது; முடிவை ஏற்றுக்கொண்டது.

பின்னர் அங்கு பாராளுமன்றத்தை மூடியவர் மதவாதியல்ல, 2019இல் தெரிவான ஜனாதிபதி கைஸ் சையத். 2021 ஜூலையில் அதை இடைநிறுத்தி, அடுத்த ஆண்டு கலைத்தார். அதன் சபாநாயகராக இருந்த கன்னூஷி 2023 ஏப்ரலில் சிறைக்குச் சென்றார்.

ஒரு கட்சியை அதன் பெயரையோ நம்பிக்கையையோ கொண்டு நான் அளப்பதில்லை. வென்றபின் நீதிமன்றத்தையும் சிறுபான்மையையும் எப்படி நடத்துகிறது, தோற்றபின் பதவியை விட்டுப் போகிறதா என்றே பார்க்கிறேன். அதே அளவுகோலை இராணுவத்துக்கும் ஜனாதிபதிக்கும் வைத்தால்தான் கேள்வி நேர்மையானதாகும்.