பிசின் தோண்ட வந்தவர்களின் ஒயின்

2019 ஜனவரியில் நேப்பியரில் நடந்த இந்தியா–நியூசிலாந்து ஒருநாள் ஆட்டம் நினைவிருக்கிறதா? மழை இல்லை, வெளிச்சக் குறைவும் இல்லை. சாயங்கால வெயில் பேட்ஸ்மேன் கண்ணில் நேராக அடிக்கிறது என்று ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள்! குளிர், செம்மறி ஆடு, கம்பளி ஸ்வெட்டர் என்றுதானே நாம் நியூசிலாந்தை நினைத்து வைத்திருக்கிறோம்? அங்கே வெயிலால் ஆட்டம் நிற்கிறது.

அந்தக் குளிரையும் வெயிலையும் சேர்த்துப் புட்டியில் அடைத்து விற்கும் தொழில் ஒன்று அங்கே இருக்கிறது. ஒயின். இன்று வருடத்துக்கு 2 பில்லியன் நியூசிலாந்து டாலருக்கு மேல் ஏற்றுமதி. ஊரில் பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் பதற வேண்டாம், இது குடிப்பது பற்றிய பதிவு அல்ல :-) புனேயில் பிழைக்க வந்து வருடங்கள் ஓடிவிட்டன; நாசிக் பக்கம் போகும்போதெல்லாம் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து, இந்தக் கொடி எந்தெந்த ஊருக்கு யாரோடு போனது என்று படிக்க ஆரம்பித்தேன். அதில் என்னை உட்கார வைத்த கதை நியூசிலாந்துடையது. ஏனென்றால் அது பாதிக்கு மேல் வந்தேறிகளின் கதை.

முதலில் கொஞ்சம் பூகோளம். ஒயின் திராட்சை விளையும் இடங்கள் அங்கே தெற்கு அட்சரேகை 35 டிகிரி முதல் 45 டிகிரி வரை நீண்டு கிடக்கின்றன. நாட்டில் எந்த இடத்தில் நின்றாலும் கடல் 130 கிலோமீட்டருக்குள் இருக்கும். அதனால் கோடை கொளுத்துவதில்லை, பகலில் நல்ல வெயில், ராத்திரியில் குளிர். மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை மலைத்தொடர்கள் தடுத்துவிடுவதால் கிழக்குப் பக்கம் காய்ந்து கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நாம் பார்ப்பதுதான், திசையும் அதேதான். கிஸ்பர்ன், ஹாக்ஸ் பே, மார்ட்டின்பரோ, மார்ல்பரோ என்று பேர் பெற்ற இடங்கள் பெரும்பாலும் இந்தக் கிழக்கு ஓரத்தில்தான்.

ராத்திரிக் குளிர் எதற்கு? பழத்தில் சர்க்கரை ஏறும்போது புளிப்பு குறையும். வெப்ப ஊரில் இது மளமளவென்று நடக்கும். நாசிக்கில் கொடியை வருடத்துக்கு இரண்டு முறை வெட்டி, குளிர்காலத்தில் பழுக்க வைத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்வது இந்த வெப்பத்துக்குப் போக்குக் காட்டத்தான். நியூசிலாந்தில் அந்த வேலையை இயற்கையே செய்கிறது. பழம் மெதுவாகப் பழுக்கிறது, வாசனை சேர்கிறது, புளிப்பும் தங்குகிறது. சோவியான் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

அப்படியானால் ஆதி காலத்திலிருந்தே அங்கே ஒயின் கொடிகட்டிப் பறந்திருக்க வேண்டுமே? அதுதான் இல்லை. இங்கேதான் சரித்திரம் ஆரம்பிக்கிறது.

1819 செப்டம்பரில் சாமுவேல் மார்ஸ்டன் என்ற ஆங்கிலிகன் பாதிரியார் வடக்கே கெரிகெரியில் முதல் திராட்சைக் கொடிகளை நட்டார். இந்த மண்ணும் சீதோஷ்ணமும் திராட்சைக்கு ஏற்றவை என்று அப்போதே அவருக்குத் தோன்றியிருக்கிறது. அடுத்து ஜேம்ஸ் பஸ்பி, பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி. 1840இல் மாவோரித் தலைவர்களோடு வைத்தாங்கி உடன்படிக்கை கையெழுத்தானது இவர் வீட்டு முற்றத்தில்தான். அந்த வீட்டுப் பக்கத்திலேயே தோட்டம் போட்டு ஒயின் செய்தார். அதே வருடம் அந்தப் பக்கம் வந்த பிரெஞ்சு மாலுமி துமோன் தூர்வில் குடித்துப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர் வாயால் பாராட்டு! 1851இல் பிரெஞ்சு கத்தோலிக்கத் துறவிகள் ஹாக்ஸ் பேயில் தொடங்கிய மிஷன் எஸ்டேட் இன்றும் நடக்கிறது.

இதற்குப் பிறகு வந்தது ஃபில்லாக்ஸெரா. வேரைத் தின்னும் சின்னப் பூச்சி. 1895இல் ரோமியோ பிரகாட்டோ என்ற நிபுணர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நாடு முழுக்கச் சுற்றினார். ஆட்ரியாடிக் கடலில் ஒரு தீவில் பிறந்து, இத்தாலியில் திராட்சைப் படிப்பு படித்தவர். பல இடங்கள் அருமை என்று அறிக்கை எழுதினார். பூச்சியையும் அடையாளம் காட்டினார். அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுங்கள், அந்த வேரைப் பூச்சி ஒன்றும் செய்யாது என்றார். 1902இல் அரசு அவரையே வேலைக்கு அமர்த்தியது. ஆனால் ஆதரவு வற்றிக்கொண்டே போக, 1909இல் மனம் வெறுத்துக் கிளம்பினார். 1913இல் கனடாவில் இறந்துபோனார். ஒட்டுக்கட்டச் சொன்ன இடத்தில் பலர் சுலப வழியைப் பிடித்தார்கள். ஆல்பனி சர்ப்ரைஸ் என்ற அமெரிக்க வகைக் கொடிதான் 1960கள் வரை அங்கே அதிகம். காய்க்கும், நோய் அண்டாது, ஒயின் மட்டும் சுமார்.

ஆதரவு ஏன் வற்றியது? மதுவிலக்கு. 1911 வாக்கெடுப்பில் 55 சதவீதத்துக்கு மேல் மதுவிலக்குக்கு விழுந்தது. 60 தேவை என்பதால் தப்பித்தது. 1919 ஏப்ரலில் உள்நாட்டு ஓட்டுகளை எண்ணியபோது மதுவிலக்கு ஜெயித்துவிட்டது. வெளிநாட்டில் இருந்த போர்வீரர்களின் ஓட்டு வந்து சேர்ந்தபிறகுதான் முடிவு தலைகீழானது. 1917 முதல் 1967 வரை மதுக்கடைகள் மாலை ஆறு மணிக்கு மூடப்பட்டன. உணவகத்தில் சாப்பாட்டோடு ஒயின் விற்க 1960இல்தான் சட்டம் வழிவிட்டது. மண் ரெடி, வெயில் ரெடி. வாங்கிக் குடிக்கத்தான் நாதியில்லை.

இந்த வறண்ட காலத்தில் கொடியைக் காப்பாற்றியது யார்? பிசின் தோண்ட வந்தவர்கள்.

வடக்கே கௌரி என்றொரு ராட்சத மரம். அதன் பழைய பிசின் மண்ணுக்கடியில் கட்டிகட்டியாகக் கிடைக்கும். வார்னிஷ் செய்ய அதற்குக் கிராக்கி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டால்மேஷியாவிலிருந்து (இன்றைய குரோஷியாவின் கடலோரம்) இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சதுப்பு நிலத்தில் பிசின் தோண்டினார்கள். நம் ஆட்கள் எங்கு போனாலும் செய்வதுபோல ஒருவன் வந்து, தம்பியை அழைத்து, ஊர்க்காரனை அழைத்து... ராப்பகலாக உழைத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் பொறுக்குமா? 1898இல் சட்டமே போட்டு, பிசின் நிலங்களின் ஒரு பகுதியை பிரிட்டிஷ் குடிகளுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். முதல் உலகப் போரில் இவர்கள் 'ஆஸ்திரியர்கள்', அதாவது எதிரி நாட்டவர். ஆஸ்திரிய ஆட்சி வேண்டாம் என்று ஓடிவந்தவர்களும் அவர்களில் உண்டு என்பதை யார் கேட்டார்கள்?

சேர்த்த காசில் ஆக்லாந்துக்கு மேற்கே மலிவு நிலம் வாங்கினார்கள். பழமரம், காய்கறி, ஓரத்தில் ஊர் வழக்கப்படி திராட்சை. 1910இல் சிறுவனாக வந்து இறங்கிய யோசிப் பாபிச் 1916இல் முதல் ஒயினைச் செய்தார். 1930களில் யூகிச், 1940களில் நொபிலோ, பிராய்கோவிச், டெலகாட் என்று வரிசையாக வந்தார்கள். லெபனானிலிருந்து வந்த கோர்பன் 1902இலேயே ஹெண்டர்சனில் நிலம் வாங்கியிருந்தார். ஊர் கேட்டது தித்திப்பான போர்ட், ஷெர்ரி. அதைச் செய்து கொடுத்தார்கள். 'டேலி பிளாங்க்' என்று அதற்குக் கேலிப் பெயர்; டால்மேஷியக்காரனின் மட்டச் சரக்கு என்று அர்த்தம். இங்கே வந்த புதிதில் 'மதராஸி' என்ற ஒரே சொல்லில் நம் எல்லோரையும் அடக்கியவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொனி புரியும். கேலி செய்தவர்கள்தான் வாங்கியும் போனார்கள் என்பது வேறு விஷயம்.

திருப்பம் 1973. அந்த வருடம் ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. வெண்ணெய்க்கும் ஆட்டுக்கறிக்கும் இனி அதே சந்தை நிச்சயமில்லை என்ற கவலை நியூசிலாந்தைப் பிடித்தது. அதே வருடம் ஆகஸ்டில் மொண்டானா நிறுவனத்தின் ஃபிராங்க் யூகிச், தென் தீவின் வட முனையிலுள்ள மார்ல்பரோவில் பெரிய அளவில் கொடி நட்டார். இவர் டால்மேஷியாவிலிருந்து வந்த இவான் யூகிச்சின் மகன். இந்தக் குளிரில் திராட்சையா, இது ஆடு மேய்க்கிற பூமி என்று சொன்னவர்கள் நிறைய. சரியாக நூறு வருடம் முன்னால், 1873இல், டேவிட் ஹெர்ட் என்ற விவசாயி அங்கே கொடி வைத்திருந்ததை ஊர் மறந்தே போயிருந்தது.

மார்ல்பரோவில் சோவியான் பிளாங்க் 1975இல் நடப்பட்டு 1979இல் முதல் ஒயின் வந்தது. ஆற்றங்கரைக் கூழாங்கல் மண், நீண்ட வெயில், குளிர்ந்த ராத்திரி எல்லாம் சேர்ந்து பேஷன் ஃப்ரூட்டும் பச்சைக் குடமிளகாயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. 1985இல் தொடங்கிய கிளவுடி பே அதை உலகமே பேசவைத்தது. இடையில் 1986இல் விளைச்சல் மிஞ்சிப்போய், அரசே காசு கொடுத்து நாட்டின் கொடிகளில் ஏறக்குறைய கால்வாசியைப் பிடுங்கச் சொன்ன கூத்தும் நடந்தது. அதில் சுமார் ரகங்கள் பல கழிந்தன. இன்று நாட்டின் கொடிப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மார்ல்பரோவில்.

மற்ற இடங்களும் இப்படித்தான் விழித்தன. ஹாக்ஸ் பேயில் 1867 வெள்ளத்தில் ஆறு தடம் மாறிப்போய்க் கூழாங்கல் படுகை ஒன்று மிஞ்சியது. ஒன்றுக்கும் உதவாத நிலம் என்றார்கள். அந்தக் கல் பகல் சூட்டைப் பிடித்துவைப்பதால் மெர்லோவும் சிராவும் அங்கே நன்றாகப் பழுக்கின்றன. 'கிம்லட் கிராவல்ஸ்' என்று இன்று அதற்குத் தனி மரியாதை. தெற்கே சென்ட்ரல் ஒட்டாகோவில், தங்கம் தேடிப் போன கூட்டத்தோடு போன பிரெஞ்சுக்காரர் ஃபெரோ 1860களிலேயே கொடி நட்டு, 1881இல் சிட்னியில் பதக்கமும் வாங்கினார். அவர் போனதோடு அது நின்றது. பிரகாட்டோவும் அந்த இடத்தைப் புகழ்ந்து எழுதினார், பலனில்லை. 1980களில்தான் மறுபடி நட்டார்கள். உறைபனியை விரட்ட ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டு மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளும் அந்த ஊர், இன்று பினோ நுவார் என்ற சிவப்புத் திராட்சைக்குப் பேர் போனது.

பள்ளியில் சீதோஷ்ணம், மண், விளைபொருள் என்று மூன்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்தோம். மண்ணும் வெயிலும் 1819இலும் அங்கேதான் இருந்தன. இந்தக் கொடிக்கு இந்த மண் என்று பொருத்திப் பார்க்க 150 வருடம் ஆகியிருக்கிறது. அதுவரை பெரும்பாலும் யாரும் மதிக்காத ஒரு வேலையை விடாமல் செய்துகொண்டிருந்த சில வந்தேறிக் குடும்பங்கள் இல்லாவிட்டால், 1973இல் கொடி நடத் தெரிந்த யூகிச் எங்கிருந்து வந்திருப்பார்?

அடுத்த முறை விமான நிலையக் கடையில் நியூசிலாந்து ஒயின் வரிசை கண்ணில் பட்டால், வாங்க வேண்டாம், பெயர்களை மட்டும் படித்துப் பாருங்கள். பாபிச், டெலகாட், நொபிலோ. எழுத்துக்கூட்டிப் படிக்க உள்ளூர்க்காரர்கள் ஒரு காலத்தில் திணறியிருக்கக்கூடிய பெயர்கள். நம்முடைய இனிஷியலையும் அப்பா பேரையும் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இங்கே இன்னும் திணறிக்கொண்டிருக்கும் நமக்கு, அந்த லேபிள்களைப் பார்க்க ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.