பொது வீடு

ஆங்கிலேயர் ‘பப்’ என்று சுருக்கி வழங்கும் சொல்லின் முழு வடிவம் ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதாகும். அதைத் தமிழில் ‘பொது வீடு’ எனலாம். மது விற்கும் இடத்துக்கு இப்படியொரு பெயரா என்று நம்முள் பலர் வியக்கக்கூடும். பூவிருந்தவல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள குத்தம்பாக்கம் போன்ற ஊர்களில் சாராயம் என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவன அடிபட்ட மனைவியின் முகமும் பட்டினி கிடந்த பிள்ளைகளின் முகமுமே. ஆயினும் அப்பெயர் கடந்து வந்த வழியைச் சற்றே பின்தொடர்ந்தால், இவ்வூரின் அண்மைக்கால வரலாற்றையும் நாம் புதிய கண்ணோடு காண இயலும்.

இடைக்கால இங்கிலாந்தில் பீர் அன்றாட உணவின் ஒரு பகுதியாக இருந்தது. வீட்டில் காய்ச்சிய பெண்கள், மிஞ்சியதை அண்டை அயலாருக்கு விற்றனர். அவ்வாறு விற்ற வீடே நாளடைவில் ஊரார் கூடும் இடமாயிற்று. அத்தகைய வீடுகள் வாயிலில் அடையாளப் பலகை தொங்கவிட வேண்டும் என்று இரண்டாம் ரிச்சர்டு மன்னர் 1393இல் ஆணையிட்டார். எழுத்தறியாத மக்களுக்குப் படமே பெயராயிற்று. புனித பேதுருவின் குறுக்குச் சாவிகள், கொடி தாங்கிய செம்மறி, வானதூதர் எனத் திருச்சபையின் அடையாளங்கள் பல அப்பலகைகளில் இன்றும் காணப்படுகின்றன. திருப்பயணிகள் தங்கிய சத்திரங்களோடும் மடங்களோடும் இவ்வீடுகளுக்கு இருந்த உறவை அவை காட்டுகின்றன. பங்குக் கோவிலைப் பழுது பார்க்கவும் ஏழைகளுக்கு உதவவும், பங்கு மக்களே பீர் காய்ச்சி விற்று விழா எடுத்த வழக்கமும் அந்நாளில் இருந்தது.

பிற்காலப் பப்பின் உள்ளே நுழைவோர் முதலில் காண்பது நீண்டதொரு பரிமாறும் மேடை. அங்கே பணியாள் தேடி வருவதில்லை. குடிப்பவரே சென்று கேட்டு வாங்க வேண்டும். அதனால் அறிமுகமற்ற இருவர் அருகருகே நிற்க நேரும், பேச்சும் பிறக்கும். நண்பர் குழு ஒன்று அமர்ந்தால், ஒவ்வொருவரும் முறை வைத்து மற்ற அனைவருக்கும் வாங்கித் தருவது எழுதப்படாத சட்டம். தன் முறை வரும்போது நழுவுபவரை ஊர் மறப்பதில்லை. சுவரில் சிற்றம்பு எறியும் வட்டப் பலகை, மூலையில் கணப்பு, இரவில் கடைக்காரர் மணியடித்து நேரம் முடிந்ததை அறிவிப்பார். தொழிற்சங்கங்களும் நண்பர் நலநிதிக் கழகங்களும் கூடுவதற்கு இடம் தந்தவை இவ்வீடுகளே. ஆக்ஸ்ஃபோர்டு நகரின் ‘ஈகிள் அண்ட் சைல்டு’ என்னும் பப்பில், கத்தோலிக்க எழுத்தாளர் டோல்கீனும் அவர் நண்பர் சி. எஸ். லூயிசும் செவ்வாய்க்கிழமைதோறும் கூடி உரையாடியதை இலக்கிய உலகம் அறியும்.

இவ்வளவும் கூறி இருண்ட பக்கத்தை மறைத்தல் முறையன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் மலிவான ஜின் இலண்டன் ஏழைகளைச் சீரழித்தது. 1751இல் ஓவியர் ஹோகார்த் வரைந்த ‘ஜின் சந்து’ என்னும் படத்தில், போதையுற்ற தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. அயர்லாந்தில் கப்புச்சின் துறவி தியோபால்டு மாத்யூ அடிகளார் 1838 ஏப்ரல் 10 அன்று கார்க் நகரில் மதுமறுப்பு உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கானோர் அவர்முன் முழந்தாளிட்டு உறுதி பூண்டனர்.

பொது வீடு என்ற பெயரும் எல்லார்க்கும் பொதுவாய் இருந்ததில்லை. உழைப்பாளிக்கு வெறும் தரையிட்ட அறை, வசதியுள்ளவருக்குக் கம்பளம் விரித்த அறை என ஒரே கூரையின்கீழ்ப் பிரிவினை நிலவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் இரும்பு வார்ப்பாலைகளில் வேலைக்குச் சென்ற இந்தியர், நிறத்தின் காரணமாகப் பல பப்களில் தடுக்கப்பட்டனர். ஸ்மெத்விக் நகரில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவதார் சிங் ஜௌல் இதனை எதிர்த்துப் போராடினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரி 12 அன்று அங்கு வந்தபோது, நிறத்தடை நிலவிய ஒரு பப்புக்கு அவரை ஜௌல் அழைத்துச் சென்றார். அவ்வாண்டு இறுதியில் இயற்றப்பட்ட இன உறவுச் சட்டம், பொது இடங்களில் இத்தகைய பாகுபாட்டைத் தடை செய்தது. ‘பொது’ என்னும் சொல் தன் முழுப் பொருளை நோக்கி நகர, சட்டமும் போராட்டமும் வேண்டியிருந்தன.

அதே ஆங்கிலேயர் நம் மண்ணில் செய்தது என்ன? 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்கீழ்க் கள்ளும் சாராயமும் வரி திரட்டும் வழியாயின. விற்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. மேடையும் இருக்கையும் உரையாடலும் கப்பலேறி வரவில்லை. வருவாய்க் கணக்கு மட்டும் வந்தது. இராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் அது தளர்ந்தது. மீண்டும் இறுகி, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் உருவான டாஸ்மாக் நிறுவனம், 2003ஆம் ஆண்டு நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. ஊருக்குள் கள்ளச்சாராயமும் ஓயவில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களை அது பறித்தது.

நம்மவர் கூடி அமர்ந்த இடம் தேநீர்க் கடையே. செய்தித்தாளும் அரசியலும் ஊர்க்கதையும் அங்கேதான் பரிமாறப்பட்டன. அங்கும் பெண்களுக்கு இடமில்லை. பல ஊர்களில் தலித் மக்களுக்கெனத் தனிக் குவளை வைக்கும் கொடுமையும் நிலவியது. தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டம் 1950 முதல் நடைமுறையில் இருந்தும், இரட்டைக் குவளை பல்லாண்டு நீடித்தது.

குத்தம்பாக்கத்திலும் சாதிப் பிளவு இருந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுவது பல குடும்பங்களின் பிழைப்பாகவும் இருந்தது. 1996இல் ஊராட்சி மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ, வேதிப் பொறியியல் கற்று ஆய்வுப் பணியைத் துறந்து ஊர் திரும்பியவர். காவலரின் தடியால் மட்டும் அடுப்புகள் அணையா என்பதை உணர்ந்து, மாற்றுத் தொழில்களை உள்ளூரிலேயே உருவாக்க அவர் முனைந்தார். கிராம சபையில் எல்லாரும் அமர்ந்து பேச வழி செய்தார். மாநில அரசின் சமத்துவபுரம் திட்டம் இவ்வூருக்கு வந்தபோது, வீடுகள் இரட்டை வீடுகளாகக் கட்டப்பட்டன. ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் பிற சமூகத்துக் குடும்பம். இடையே இருவருக்கும் பொதுவான ஒரே சுவர். ஒரு பக்கம் குழந்தை அழுதால் மறுபக்கம் கேட்கும். பொது வீடு என்னும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான விளக்கத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இன்று இங்கிலாந்தின் சிற்றூர்களில், மூடப்படும் நிலையிலுள்ள பப்களை ஊர் மக்களே பங்கு சேர்த்து வாங்கி நடத்துகின்றனர். சிலவற்றில் அஞ்சலகமும் மளிகைக் கடையும் இயங்குகின்றன. தேநீர் அருந்த வரும் முதியோரும் அங்கு உண்டு. கூடியமரும் இடம் போய்விடுமே என்பதுதான் அவர்களுடைய கவலை. அக்கவலை நமக்கும் வேண்டும். ஆலயத்தில் ஒரே அப்பத்தைப் பகிரும் நாம், கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரைப் பிரிக்கச் சுவர் எழுப்பிய வரலாறும் உடையவர்கள். குத்தம்பாக்கத்தின் சுவரோ இரு குடும்பங்களை அண்டை வீட்டாராக்கியது. நம் பங்குகளில் எத்தகைய சுவர்கள் நிற்கின்றன என்பதை ஞாயிறு திருப்பலி முடிந்து முற்றத்தில் யார் யாரோடு நின்று பேசுகிறோம் என்பதே காட்டிவிடும்.