ஐந்து சென்ட் கனவு

கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் பெட்டிக்குள் என்ன சரக்கு என்பதைத் திறக்காமலே வானொலி அலையால் அறியலாம். தடை விலைதான். 1999-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சஞ்சய் சர்மா முதலானோர் தொடங்கிய ஆட்டோ-ஐடி மையம், அடையாள ஒட்டியின் விலையை ஐந்து அமெரிக்க சென்ட்டுக்குக் கொண்டுவர முனைந்தது. (அதே சர்மா பின்னாளில் கோலாலம்பூரின் ஏசியா ஸ்கூல் ஆப் பிசினஸ் தலைவராக வந்தார்.)

மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. ஜப்பானின் எஃப்.இ.சி. நிறுவனத்திடம் உரிமை வாங்கி, 2007-இல் பிரதமர் அப்துல்லா படாவி வெளியிட்ட சில்லின் விலை ஏறக்குறைய ஆறு சென்ட். ஆனால் சில்லு தனியே பேசுமா? ஆன்டெனா வேண்டும், ஒட்ட வேண்டும், படிக்கும் கருவி வேண்டும். எதிரே நிற்கும் பார்கோடுக்கோ மை மட்டுமே செலவு! பிரிக்பீல்ட்ஸ் மளிகைக்கடையின் பிஸ்கட் டின்னுக்கு அது போதாதா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் அந்த ஒட்டியைக் கையில் வாங்கியது சரக்குக்காக அல்ல, டோல் சாவடிக்காக. 2022-இல் டச் அண்ட் கோ அதை விற்றது 35 ரிங்கிட்டுக்கு.