ரிமோட்டும் அலுமினியக் கம்பியும்

போன வாரம் பேங்க் விட்டு வந்தால் அம்மா முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார். "டிவி பெட்டி போச்சுடா." கும்பளங்கியில் பகல் முழுக்க அவருக்குத் தமிழ் பேச அந்தப் பெட்டியை விட்டால் ஆளில்லை. பார்த்தால், போனது பெட்டியல்ல, ரிமோட்!

இந்தக் குழப்பம் இன்றைக்கு நேற்று வந்ததில்லைங்க. அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி 1950-ல் ஒயர் வைத்த ரிமோட் விற்றது. பேரே 'லேசி போன்ஸ்', அதாவது சோம்பேறி. ஒயர் காலைத் தடுக்கியது. 1955-ல் யூஜின் பாலி வெளிச்சம் பாய்ச்சும் 'ஃபிளாஷ்மேட்டிக்' செய்தார். வெயில் பட்டாலே சானல் மாறியதாம்!

பேட்டரி வைத்தால், அது தீர்ந்ததும் ஜனங்கள் டிவியே கெட்டுவிட்டது என்பார்களே என்று விற்பனைக்காரர்களுக்குப் பயம். (எங்க அம்மாவை அப்பவே தெரிஞ்சிருக்கு.) அதனால் 1956-ல் ராபர்ட் ஆட்லர் பேட்டரியே இல்லாமல் ஒன்று கொண்டுவந்தார். பட்டனை அழுத்தினால் குட்டிச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும். நம் காதுக்குக் கேட்காத ஒலி டிவிக்குக் கேட்கும். 1980-களில் இன்ஃப்ராரெட் வந்து அதை ஓரங்கட்டியது.

இன்ஃப்ராரெட் ரிமோட் என்றால் செல்போன் கேமராவில் பார்த்தாலே பெரும்பாலும் பல்பு மினுக்குவது தெரியும். எங்களுடையது புளூடூத், அந்த வித்தை பலிக்காது. மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறது. காயல் காற்று உபயம்! துடைத்து, புது செல் போட்டு, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் செருகி, ஹோம் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்ததும் சேர்ந்துகொண்டது.

கதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "அந்த அலுமினியம் வச்சது ஒண்ணு கிடைச்சா வாங்கிட்டு வாடா."